ஆலங்குடாவில் ஒன்றரை வருடம்

மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வரைபடத்தில் விரலை வைத்தால் கரையோரமாக நேரே கீழே இழுத்துவிடலாம். பஸ் அப்படிப் போவதில்லை. மதவாச்சி வரை நாட்டின் உள்ளே போய், அநுராதபுரத்தில் திரும்பி, மறுபடியும் கடலைத் தேடி வருகிறது. வில்பத்துக் காட்டினூடாகக் கிடக்கும் பழைய பாதை வழக்கிலும் வாதத்திலும் சிக்கிக்கொண்ட பாதை. 2023 மாசி மாதம் ஒரு நாள் விடியப் புறப்பட்டு, இந்தச் சுற்றுவழியால் நான் புத்தளம் போய் இறங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கையில் ஒரு பை, ஒரு பாய், ஒரு கட்டு விண்ணப்பப் படிவம்.

என் வேலை அந்தப் படிவங்கள்தான். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களைத் தேடிப் போய் விபரம் எடுப்பது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி என்று எது குறைகிறதோ அதை எடுத்துக்கொடுக்க அலுவலகங்களுக்கு அலைவது. ஆறு மாத வேலை என்றுதான் சொன்னார்கள். ஒன்றரை வருடம் இருந்துவிட்டேன். எனக்கே ஆறு மாதம் ஒன்றரை வருடமாக நீண்டது என்றால், மூன்று நாள் என்று வந்தவர்களுக்கு முப்பது வருடம் எப்படி நீண்டிருக்கும் என்பதை அங்கே இருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

புத்தளத்திலிருந்து தெற்கே பாலாவிச் சந்தி. அங்கே உப்பளம். உப்பைக் குவித்துக் கிடுகால் வேய்ந்து வைத்திருப்பார்கள். தூரத்தில் பார்த்தால் வரிசையாகக் குடிசைகள் என்றே நினைப்பீர்கள். நானும் முகாம் என்றுதான் நினைத்தேன். சந்தியிலிருந்து கற்பிட்டி வரை சுமார் 40 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு நிலநாக்கு போகிறது. இடப்பக்கம் பெருங்கடல், வலப்பக்கம் களப்பு. நடுவில் மணல், தென்னை, வெங்காயத் தோட்டம், புகையிலை, மிளகாய், பிறகு மறுபடியும் மணல். நுரைச்சோலையில் 2011 இல் மின்சாரம் தரத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி எங்கே நின்றாலும் கண்ணில் படும். வழி தவறினால் அதைப் பார்த்துத் திரும்பி வருவேன். பாதையின் முடிவில் கற்பிட்டியில், ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை. கழுதைகள் கேட்பாரில்லாமல் தெருவில் திரியும். மன்னாரிலும் அப்படித்தான். கழுதையைக் கண்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

நான் வாடகைக்கு இருந்தது ஆலங்குடாவில், மன்னார்த் தீவிலிருந்து வந்த ஒரு உம்மாவின் வீட்டுப் பின்னறையில். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் மௌத்தாகிப் பத்து வருடம். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கியும், கிடுகு பின்னி விற்றும் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். முதல் நாளே, "மகள், நீங்க மன்னாரா? எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னேன். "ஓ... அங்க எங்கட ஆக்களும் இருந்தவங்க" என்றார். நான் தலையாட்டினேன். மேலே பேசவில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இளைய தோழியருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000 இற்கும் மேற்பட்டவர்கள். ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் மக்கள் கடற்கரையில் மழையில் காத்திருந்து படகுகளில் கற்பிட்டிக்கு வந்தார்கள். வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலானோரைத் தாங்கிய மாவட்டம் புத்தளம். 2002 இல் சமாதான காலத்தில் புலிகளின் தரப்பே அது அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டது. அதற்குள் இங்கே ஒரு தலைமுறை பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

உம்மா இந்தக் கதையைச் சொல்லும் விதம் வேறு. அவர் ஆண்டு சொல்வதில்லை, எண்ணிக்கை சொல்வதில்லை. "இடியப்பத்துக்கு அரிசி ஊறப் போட்டிருந்தன். ஒலிபெருக்கியில சொல்றாங்க. அந்தப் பதட்டத்துலயும் தண்ணிய வடிச்சு, அரிசிய மூடி வச்சிட்டுத்தான் வந்தன். ரெண்டு மூணு நாள்ல திரும்பி வந்து இடிப்பம் எண்டுதான் நினைப்பு." இதைச் சொல்லும்போது சிரிப்பார். படகில் வந்த இரவைப் பற்றிக் கேட்டால் மட்டும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். நான் மறுபடியும் கேட்டதில்லை. கேட்டறிவதில் பயிற்சி பெற்றவர்கள் நாங்கள். கேட்காமல் இருப்பதற்கு யாரும் பயிற்சி தரவில்லை. அதை அந்த வீட்டில்தான் பழகினேன்.

வந்த முதல் இரவு ஒரு பள்ளிக்கூடத்தில். அந்த ஊர் மக்கள் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டார்கள். பானை பானையாகக் கஞ்சி வந்தது. உம்மாவின் கையில் கஞ்சிக் கோப்பையைத் தந்த உள்ளூர்ப் பெண் இன்று எதிர்வளவில் இருக்கிறார். உம்மா அவரை "ராத்தா" என்பார். இந்த இரண்டு பேரின் உறவைச் சொன்னாலே இடம்பெயர்ந்தவர்களும் இடம் தந்தவர்களும் வாழ்ந்த கதை முழுவதும் வந்துவிடும்.

முதல் இரண்டு வருடம் ராத்தாவின் கிணறுதான் எல்லோருக்கும். கற்பிட்டிப் பக்கத்துக் கிணற்றைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆழமே கிடையாது. மணலைப் பத்துப் பன்னிரண்டு அடி தோண்டினால் தண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் இனிக்கும். கூட அள்ளினால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும். தோட்டத்துக்குப் போடும் பசளை மணலில் நிற்காமல் கிணற்றுக்கு இறங்கிவிடுவதும் உண்டு. அந்தப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வாளர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு அளந்து வைத்த தண்ணீரில் பத்துக் குடும்பம் வாளி போட்டால் என்ன நடக்கும்? கிணறு கரித்தது. ராத்தா ஒரு நாள் வாளியின் கயிற்றைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

"கயிறு அவட வீட்டுக் கயிறுதானே. ஆனா அண்டைக்குத்தான் நான் அகதி எண்டு விளங்கிச்சு" என்கிறார் உம்மா.

ராத்தாவிடமும் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "புள்ள, மூணு நாளைக்கு எண்டு சொல்லித்தான் எடம் குடுத்தம். மூணு வருஷமாச்சு. எங்கட வாப்பாட தோட்டத்துல நாங்க வாங்கின கூலிய விடக் கொறஞ்ச கூலிக்கு இவங்க வேலைக்கு வந்தாங்க. எங்கட புள்ளைகளுக்கு வகுப்புல இருக்க எடமில்ல. நாங்களும் ஏழை எண்டத யாரும் எழுதிக்கொண்டு போகல்ல." உண்மைதான். நிவாரணம் கொடுத்தவர்கள் அகதியைத் தேடி வந்தார்கள். அகதிக்குக் கஞ்சி ஊற்றியவளைத் தேடி யாரும் வரவில்லை. அந்த நிவாரணமும் ஏதோ பெரிய செல்வம் போலத் தூரத்திலிருந்து தெரிந்திருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபாப் பெறுமதியான உலருணவு. விலைவாசி எத்தனை மடங்கு ஏறியபோதும் அந்தத் தொகை ஏறாமலே வருடக்கணக்காகக் கிடந்தது.

பத்து வருடத்துக்கு மேல் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. பெருநாளுக்குப் பலகாரம் மட்டும் பிள்ளைகளின் கையில் அங்கும் இங்கும் போய் வந்ததாம். உம்மாவின் இரண்டாவது மகனுக்கு ராத்தாவின் தங்கை மகளைக் கேட்டபோது, "அகதிப் பொடியனுக்கா?" என்று ஒரு கிழவர் கேட்டாராம். பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் இறுக்கம் முழுதாக விடவில்லை. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் தவித்தபோது படகுகளுக்கு மண்ணெண்ணெய் கிடையாது, கரை முழுக்கப் பட்டினி. மண்ணெண்ணெய் வரிசையில் இரண்டு பேரும் கலனோடு விடிய விடிய ஒன்றாகக் குந்தியிருந்திருக்கிறார்கள். "அந்த வரிசையில எல்லாரும் அகதிதான்" என்றார் ராத்தா. நான் போனபோது அவர்கள் ஒருவர் வீட்டுக் கறியை மற்றவர் ருசி பார்க்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். குறை சொல்லாமல் ருசி பார்க்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. மன்னார்க்காரி புளியைக் கூடப் போடுகிறாள் என்பது ராத்தாவின் நீண்டகால முறைப்பாடு.

என் சொந்தப் பாட்டையும் சொல்கிறேன். புது ஊரில் குடியேறுவது என்றால் பெரிய விடயங்கள்தான் வருத்தும் என்று நினைத்திருந்தேன். மணல்தான் வருத்தியது. சோற்றில் மணல், பாயில் மணல், படிவங்களுக்குள் மணல். வைகாசியில் சோளகம் தொடங்கினால் புரட்டாதி வரை ஓயாது. கதவு தானாக அடிக்கும், கொடியில் போட்ட உடுப்பு அடுத்த வளவில் கிடக்கும். அந்த மாதங்களில் கடல் குமுறும். கரையில் பலருக்கு வருமானம் குறைந்து, பெண்கள் கூலிக்குத் தோட்டத்துக்குப் போவது கூடும். உம்மாவிடம் இரண்டு சங்கதி கற்றேன். வாசலை எந்தப் பக்கம் நின்று கூட்டினால் மணல் திரும்பி வராது என்பது ஒன்று. கிணற்று நீரை இரவே மண்குடத்தில் தெளிய வைப்பது மற்றது. பதிலுக்கு நான் அவருக்குக் கைத்தொலைபேசியில் குரல் பதிந்து அனுப்பப் பழக்கினேன். மன்னாருக்குத் திரும்பிப் போன தங்கைக்கு அன்றைய கறியிலிருந்து அயல் வீட்டுச் சண்டை வரை அனுப்புவார்.

ஆவணி மாதம் தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனேன். ஆலங்குடாவிலிருந்து கிட்டத்தான். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் சனம் வந்து, கோயிலைச் சுற்றிக் கொட்டில் போட்டு, மணலில் மூன்று கல் வைத்துச் சமைத்து, நாள்கணக்கில் தங்கும். சிங்களத்திலும் தமிழிலும் செபம். நான் வந்து இதையெல்லாம் ஆசையாகச் சொல்ல, உம்மா கிடுகு பின்னிய கையை நிறுத்தாமல் சொன்னார்: "நாங்களும் அப்படித்தான் மகள். எங்கட திருவிழாதான் முடிய நாளெடுத்துச்சு."

இப்போது அந்தக் கரைக்கு வேறொரு குடியேற்றமும் வந்திருக்கிறது. ஆலங்குடாக் கடற்கரையில் டொல்பின் பார்ப்பதற்கென்று விடுதிகள். கார்த்திகைக்குப் பிறகு சித்திரை வரை அந்தச் சனம். கற்பிட்டிக் களப்பில் காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் தண்ணீர்மேல் ஓடுகிறவர்கள். நமக்குப் பிழைப்பைக் கெடுக்கும் சோளகத்தைத் தேடி ஐரோப்பாவிலிருந்து பறந்து வருகிறார்கள்! சிலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சிலர் வருடா வருடம் வந்து, சிறு விடுதி வைத்து, தேங்காய் துருவப் பழகி, உள்ளூர்க் கடையில் கடன் சொல்லும் அளவுக்கு ஊரோடு ஒட்டிவிட்டார்கள். அவர்களில் கெட்டவர்கள் என்று நான் யாரையும் காணவில்லை. ஆனாலும் ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. விரும்பி வந்தவருக்கு "வெளிநாட்டார்" என்று பெயர்; அவர் ஒரு வருடத்தில் "எங்கட ஆள்" ஆகிவிடுகிறார். துரத்தப்பட்டு வந்தவருக்கு "அகதி" என்று பெயர். அது பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டிக்கொண்டு போகிறது.

உம்மாவின் பேத்திக்குப் பத்தொன்பது வயது. அப்படி ஒரு விடுதியில் சமையலுக்கு உதவிக்குப் போனாள். அங்கே நீண்ட நாள் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு நாள் அவளோடு வீட்டுக்கு வந்தார். பிளேன் டீ கொடுத்தோம். பேத்தி மொழிபெயர்த்தாள். "எந்த ஊர்?" என்று உம்மாவிடம் கேட்டார். "மன்னார்" என்றார் உம்மா, ஒரு கணமும் யோசிக்காமல். அதே கேள்வியைப் பேத்தியிடம் கேட்டார். "இங்கதான், ஆலங்குடா" என்றாள் அவள், அதே வேகத்தில். வந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உம்மா பேத்தியைப் பார்த்தார். பேத்தி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

என் படிவத்தில் இதற்கு இரண்டு கூடுகள் இருந்தன. நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. முப்பத்துமூன்று வருடம் இருந்த இடத்தைத் தற்காலிகம் என்று எழுத என் கை வரவில்லை. நிரந்தரம் என்று எழுதினால் மன்னாரில் உள்ள காணியை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று பெண்களுக்குப் பயம். இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2007 இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் இவர்களுக்கு வீடு கட்டும் திட்டம் தொடங்கியபோதே, வீட்டை ஏற்றால் திரும்பிப் போகும் உரிமை போய்விடுமா என்ற கேள்வி எழுந்தது. போகாது என்று விளங்கப்படுத்தவே காலமெடுத்தது. 2009 இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றத்துக்குப் பெயர் பதிந்தவர்களுக்கு இங்கே பதிவு சிக்கலானது. பதியாதவர்களுக்கு அங்கே சிக்கல். வாக்காளர் பதிவுக்கென்று 2013 இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. வாக்குப் போடுவதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு பஸ் ஏறிப் போனார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலன்று அந்த பஸ்களுக்குத் தந்திரிமலைப் பக்கத்தில் கல்லெறியும் துப்பாக்கிச் சூடும் விழுந்தன. முகவரி என்பது வெறும் எழுத்தாக இருந்தால் இவ்வளவும் எதற்கு?

இதில் பெண்களின் பங்கு தனி. வடக்கு முஸ்லிம் குடும்பங்களில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். உம்மாவின் மன்னார் வளவு அவருடைய உம்மா கொடுத்தது. 1990 இல் அவர்கள் ஒரு குடும்பம். இன்று நான்கு குடும்பம். அந்த ஒரு வளவை யாருக்குக் கொடுப்பது? ஆலங்குடா வீடு மகளுக்குச் சீதனமாகிவிட்டது. மகள் இங்கே பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மருமகன் கற்பிட்டியான். உம்மா போனால் தனியே போக வேண்டும். தங்கை போனாள், காடு வெட்டி, கொட்டில் போட்டு, மறுபடியும் கிணறு தோண்டி, மறுபடியும் முதலிலிருந்து. "ஒரு ஆயுளுக்கு ஒருக்கா அகதியானது போதும்" என்பார் உம்மா. அடுத்த நாளே, "மௌத்தானா அங்கதான் அடக்கணும்" என்பார். முரண்பாடு என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் பேசாமல் விட்டதற்கு வருகிறேன். 1990 இல் எனக்கு இரண்டு வயது. எங்கள் ஊரில் எங்களுக்கு அடுத்த வளவு ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையது. நான் வளர்ந்தபோது அது கூரையில்லாத சுவர்கள். அதற்குள் ஒளித்துப் பிடித்து விளையாடினோம். அங்கே ஒரு முருங்கை நின்றது. அம்மா கொக்கத்தடியால் காய் பிடுங்குவார். வாரத்துக்கு இரண்டு முறை எங்கள் வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. அந்த மரம் யாருடையது என்று நான் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, இடப்பெயர்வு பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியபோதும் அந்த மரம் நினைவுக்கு வரவில்லை. உம்மா வீட்டு முற்றத்து முருங்கையைக் கண்ட அன்றுதான் வந்தது.

வேலை முடிந்து புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கையில் சொன்னேன். சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் மடியில் பாதி பின்னிய கிடுகு. நிமிர்ந்து பார்த்தார்.

"மரம் நல்லாக் காய்ச்சுதா?"

"காய்ச்சது உம்மா."

"அப்ப சரி. முத்தி வெடிக்க விட்டிருந்தாத்தான் பாவம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆக்கள் இப்ப எங்க எண்டு விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "விசாரிக்கணும்" என்றார். அதட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அன்று முழுவதும் அதிகம் பேசவுமில்லை.

அவருடைய படிவத்தை இரண்டு கூட்டிலும் "நிரந்தர" என்று திருத்தி, மன்னார் முகவரியை ஒன்றிலும் ஆலங்குடா முகவரியை மற்றதிலும் எழுதி ஒப்படைத்தேன். அலுவலகத்தில் அதைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அப்படியே அனுப்பினேன். நான் மன்னாருக்குத் திரும்பும் வரையில் பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அடுத்த வளவுக்காரரின் பெயரைக் கேட்டேன். குடும்பத் தலைவரின் பெயர் அம்மாவுக்குச் சட்டென்று வரவில்லை. அந்தப் பெண்ணின் பெயரும், பிள்ளைகள் மூன்று பேரின் பெயரும் உடனே வந்தன. எழுதிக்கொண்டேன். அன்றிரவு உம்மாவின் தொலைபேசிக்கு அந்த நான்கு பெயர்களையும் குரலில் பதிந்து அனுப்பினேன். ராத்தாவிடம் கேட்டுப் பார்ப்பதாகவும், தில்லையடியில் எங்கள் ஊர் ஆட்கள் சிலர் இருப்பதாகவும், முதலில் நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்றும் பதில் வந்தது.